கல்லூரி ஃபுட்பால் வீடியோ கேம்: சின்ன அணியோடு தொடங்குங்கள்

'ஈஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால்' என்ற அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீடியோ கேமைப் புதிதாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் ஜார்ஜியாவையோ ஒஹையோ ஸ்டேட்டையோ அலபாமாவையோ தேர்ந்தெடுக்கிறார்கள். பெயர் பெற்ற அணி, காற்றாய்ப் பறக்கும் வீரர்கள், முதல் ஆட்டத்திலேயே ஐம்பது புள்ளிகள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் "அலுத்துவிட்டது" என்கிறார்கள். அலுக்கத்தான் செய்யும். இந்த கேமின் ருசி எந்தப் பந்தியில் பரிமாறப்படுகிறதோ, அந்தப் பந்தியில் அவர்கள் உட்காரவே இல்லை.

ருசி இருப்பது ஏற்றத்தாழ்வில். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள் இருக்கின்றன. புது வீரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். கடைசி இடத்தில் முடித்த அணிக்கு அடுத்த டிராஃப்டில் முதல் வாய்ப்பு. சம்பள உச்சவரம்பும் எல்லோருக்கும் ஒன்றே. அணிகளை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வைத்திருக்க அந்த அமைப்பே பாடுபடுகிறது. கல்லூரி ஃபுட்பாலில் அப்படி டிராஃப்ட் எதுவும் இல்லை. 2025இல் வெளிவந்த கேமில் 136 அணிகள். ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் அமரும் மைதானத்தை வைத்திருக்கும் மிச்சிகன் அதில் உண்டு. அங்கிருந்து சில மைல் தொலைவில், சாம்பல் நிறத் தரையில் ஆடும் ஈஸ்டர்ன் மிச்சிகனும் உண்டு. சென்ற ஆண்டு வென்ற கல்லூரியைத் தேடித்தான் அடுத்த ஆண்டின் நல்ல பையன்கள் வருவார்கள். தோற்ற கல்லூரிக்கு மிச்சம் மீதிதான். இந்தச் சரிவில் கீழே நின்றுகொண்டு மேலே ஏறப் பார்ப்பதற்காகத்தான் நான் இந்த கேமை விளையாடுகிறேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

எதை வாங்குவது

'ஈஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25' 2024 ஜூலையில் வந்தது. அடுத்த பதிப்பான 26, 2025 ஜூலையில் வந்தது. இரண்டுமே பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவற்றுக்கு மட்டும். கணினிப் பதிப்பு கிடையாது. பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு வாங்கிவிட வேண்டாம், ஓடாது. 26ஆம் பதிப்பில் முந்நூறுக்கும் மேற்பட்ட நிஜப் பயிற்சியாளர்கள் இடம்பெற்றார்கள். 25இல் பயிற்சியாளர்கள் எல்லோரும் கற்பனைப் பெயர்கள்தான். கற்றுக்கொள்வதற்கு எந்தப் பதிப்பாக இருந்தாலும் போதும். பழையது மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

25க்கு முந்தைய பதிப்பு எது என்று பார்த்தால் 2013இல் வந்த 'என்சிஏஏ ஃபுட்பால் 14'. நடுவில் பதினோரு ஆண்டு வெற்றிடம். அதன் காரணம் கேமோடு பின்னிக் கிடப்பதால் புதியவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. பழைய பதிப்புகளில் வீரர்களுக்குப் பெயர் இருக்காது. 'குவார்ட்டர்பேக், எண் 15' என்று மட்டும் இருக்கும் (குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்). ஆனால் உயரம், எடை, சொந்த மாநிலம், ஆடும் பாணி எல்லாம் நிஜ வீரருடையவை. மாணவர்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு காசும் கிடையாது. யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபானன், ஒரு நண்பர் வீட்டில் கல்லூரிக் கூடைப்பந்து கேம் ஒன்றில் தன் உருவத்தையே கண்டார். அதே இடக்கை, அதே எண். 2009இல் வழக்குத் தொடுத்தார். அரிசோனா ஸ்டேட்டிலும் நெப்ராஸ்காவிலும் குவார்ட்டர்பேக்காக இருந்த சாம் கெல்லரும் அதே ஆண்டில் ஃபுட்பால் கேம் குறித்து வழக்குத் தொடுத்தார். அந்தத் தொடரே நின்றுபோனது. 2021 ஜூலையில் மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறிய பிறகுதான் அது உயிர் பெற வழி பிறந்தது. 25ஆம் பதிப்புக்குச் சம்மதித்த ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும் தரப்பட்டன. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் சம்மதித்தார்கள். வீரர்களின் பட்டியலைத் திறக்கும்போது பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் முழுப் பெயர் அங்கே இருப்பது எனக்கு இன்னமும் மகிழ்ச்சி தருகிறது. 600 டாலர் குறைவு என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பெயரில்லாத எண்ணாக இருந்ததைவிட இது எவ்வளவோ மேல்.

விதிகள்: தேவையான அளவுக்கு மட்டும்

பெயரில் ஃபுட்பால் இருந்தாலும் இது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். மைதானம் நூறு கெஜ நீளம், இரு முனைகளிலும் எண்ட் ஸோன். ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். நான்குக்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. அதனால்தான் நான்காவது டவுனில் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்து அனுப்பிவிடுகிறார்கள். எண்ட் ஸோனுக்குள் பந்து போனால் டச்டவுன், ஆறு புள்ளிகள். அதன் பிறகு உதைத்தால் ஒன்று, ஓடியோ எறிந்தோ மறுபடி உள்ளே போனால் இரண்டு. டச்டவுன் கிடைக்காது என்று தெரிந்தால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளிகள் எடுக்கலாம்.

முதல் நாளுக்கு இவ்வளவு போதும். தண்டனைகளின் பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆடும்போது அவை தாமாகவே பழகிவிடும்.

என்எஃப்எல் பார்த்துப் பழகியவர்களுக்கு மட்டும் சில வேறுபாடுகள். கல்லூரியில் பந்தைப் பிடிப்பவரின் ஒரு கால் கோட்டுக்குள் பட்டாலே போதும். முழங்கால் தரையில் பட்டுவிட்டால், யாரும் தொடாவிட்டாலும், ஓட்டம் அங்கேயே முடிந்தது. ஆட்டம் சமனில் நின்றால் இரு அணிகளும் மாறி மாறி 25 கெஜக் கோட்டிலிருந்து தொடங்கி முயலும். மூன்றாவது கூடுதல் சுற்றிலிருந்து இரண்டு புள்ளி முயற்சி மட்டும்தான். இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதே இல்லை, ஆனால் இந்த கேமை ஆடும் முறையையே அது தீர்மானிக்கிறது. மைதானத்தின் நீளவாக்கில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும், ஹாஷ் என்பார்கள். ஒவ்வொரு முயற்சியும் அவற்றுக்கு இடைப்பட்ட இடத்திலோ அவற்றின் மீதோதான் தொடங்கும். என்எஃப்எல்லில் அந்த இரு வரிசைகளுக்கும் இடையே பதினெட்டரை அடி. கல்லூரியில் நாற்பது அடி. இதனால் என்ன ஆகிறது என்பதை ஓட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

அமைப்புகளில் மாற்ற வேண்டியவை

சிரமநிலைகள் நான்கு: ஃபிரெஷ்மேன், வர்சிட்டி, ஆல் அமெரிக்கன், ஹைஸ்மேன். கடைசிப் பெயர், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கு 1935 முதல் வழங்கப்படும் விருதின் பெயர். ஃபிரெஷ்மேனில் இரண்டே ஆட்டங்கள் ஆடுங்கள், பொத்தான்கள் பழகுவதற்காக. பிறகு வர்சிட்டிக்கு மாறிவிடுங்கள். ஃபிரெஷ்மேனிலேயே தங்கிவிட்டால் கெட்ட பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். பின்னால் ஓடி ஓடி நீண்ட பந்து எறிவது, எல்லா நேரமும் வேகப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பது போன்றவை. அவற்றை உதறுவதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஆகும்.

பந்து எறியும் முறையில் பல தெரிவுகள் உண்டு. பொத்தானை அழுத்தும் அளவு காட்டும் ஒரு சின்ன அளவுகோலைப் பார்த்து எறிவதுதான் புதிய முறை. அளவு தப்பினால் பந்தும் தப்பும். ஆரம்பத்தில் அது மனத்தை உடைத்துவிடும். 'கிளாசிக்' என்ற பழைய முறையை வையுங்கள், ஒரு மாதம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். கால்பகுதி நேரத்தை ஏழு நிமிடமாக வைத்து, நேரத்தை விரைவுபடுத்தும் வசதியை இயக்கிவிடுங்கள். ஓர் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடியும், ஓட்டமும் எறிதலும் நியாயமான எண்ணிக்கையில் வரும். ஆட்டத் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் திரையில் பயிற்சியாளரின் பரிந்துரைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். முதல் பத்து ஆட்டங்கள் வரை நான் அப்படித்தான் ஆடச் சொல்வேன்.

முதலில் ஓடக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லோருக்கும் எறிவதில்தான் ஆசை. நான் சொல்வது: முதல் வாரம் முழுவதும் ஓட்டம். அதுவும் ஆப்ஷன் ஓட்டம், அதாவது பந்து யாரிடம் போக வேண்டும் என்று ஓடத் தொடங்கிய பிறகு முடிவெடுக்கும் ஓட்டம். கல்லூரி ஃபுட்பாலின் உயிரே அதில் இருக்கிறது.

ஹாஷ் கோடுகளுக்கு வருவோம். மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரியில் பந்து ஒரு பக்க ஹாஷின் மீது இருந்தால், அந்தப் பக்கத்தில் எல்லைக்கோட்டுக்கு 60 அடிதான். மறுபக்கத்திலோ 100 அடி. அந்த நூறடி வெட்டவெளியை எதிரணி எப்படியாவது காத்தாக வேண்டும். ஆட்களைப் பரப்பினால் நடுவே ஓட்டை விழும், நெருக்கி நிறுத்தினால் ஓரம் திறந்து கிடக்கும். கல்லூரியில் வேகமான ஓட்ட ஆட்டம் இன்னும் செழிப்பாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆகவே ஒவ்வொரு முயற்சிக்கு முன்னும் பந்து எந்த ஹாஷில் இருக்கிறது என்று பாருங்கள். அகலமான பக்கம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளிப்புறமாக ஓடுவதென்றால் அந்தப் பக்கமே ஓடுங்கள். தேர்ந்தெடுத்த திட்டம் குறுகிய பக்கமாகப் போகிறதென்றால், பந்து எடுக்கும் முன் அதைத் திருப்பிப் போடும் வசதி கேமிலேயே இருக்கிறது. இந்த ஒரு பழக்கம் போதும், ஓட்டத்துக்குச் சராசரியாக ஒரு கெஜமாவது கூடுதலாகக் கிடைப்பது உங்களுக்கே தெரியும்.

இனி ரீட் ஆப்ஷன். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி, பக்கத்தில் ஓடிவரும் ரன்னிங் பேக்கின் (பந்தை ஏந்தி ஓடுவதே வேலையாக உள்ளவர்) வயிற்றருகே நீட்டுவார். எதிரணியின் ஓரத் தடுப்பாளர் ஒருவரை உங்கள் அணி வேண்டுமென்றே தடுக்காமல் விட்டிருக்கும். அவரை மட்டும் பாருங்கள், வேறு யாரையும் பார்க்க வேண்டாம். அவர் ரன்னிங் பேக்கை நோக்கி உள்ளே பாய்ந்தால், குவார்ட்டர்பேக்கே பந்தை வைத்துக்கொண்டு அவர் விட்டுப்போன இடத்தின் வழியாக வெளியே ஓட வேண்டும். அவர் அசையாமல் நின்றால் பந்தை ரன்னிங் பேக்கிடம் கொடுத்துவிட வேண்டும். பிளேஸ்டேஷனில் எக்ஸ் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் பந்து கைமாறும், விட்டுவிட்டால் குவார்ட்டர்பேக்கிடமே தங்கும். அரை நொடியில் எடுக்க வேண்டிய முடிவு. கபடியில் பாடிப் போகிறவர் எதிரணியில் ஒருவரின் கால் நகர்வை மட்டும் கவனித்துத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கண்தான் இங்கேயும் வேண்டும்.

இதில் பழகிய பிறகு டிரிபிள் ஆப்ஷன். முதலில் உள்ளே கொடுக்கலாமா என்று ஒருவரைப் பார்ப்பது, பிறகு ஓரத்துக்கு ஓடி, அங்கே எதிர்ப்படும் இன்னொருவரைப் பார்த்து, அவர் உங்களை நெருங்கும் கணத்தில் பந்தைப் பக்கத்தில் ஓடிவருபவருக்கு எல்1 பொத்தானால் தட்டிவிடுவது. மூன்று வழிகள், இரண்டு முடிவுகள், ஒரே ஓட்டம். ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் ஆகிய ராணுவக் கல்லூரிகள் பல காலமாக இதை நம்பி ஆடிவருகின்றன. அங்கே நூற்று நாற்பது கிலோ மலைகள் வந்து சேருவதில்லை. படிப்பை முடித்ததும் ராணுவப் பணி காத்திருக்கிறது என்பதால் என்எஃப்எல் கனவுள்ள பையன்களும் குறைவு. பலம் குறைந்தவர் பலசாலியை ஏமாற்றி வெல்வதற்கான ஆட்டம் இது. நேவியை எடுத்துக்கொண்டு பயிற்சிக் களத்தில் அரை மணி நேரம் இதை மட்டும் செய்து பாருங்கள். முதல் இருபது முறை பந்தைத் தவறவிடுவீர்கள். இருபத்தோராவது முறை, தட்டிவிட்ட பந்தோடு ஒருவர் அந்த நூறடி வெளியில் தனியாக ஓடுவதைப் பார்ப்பீர்கள். அந்தக் கணத்தை மறக்க மாட்டீர்கள்.

ஓடும்போது ஒரே ஓர் எச்சரிக்கை. பந்து கைக்கு வந்ததுமே வேகப் பொத்தானை அழுத்தாதீர்கள். உங்கள் தடுப்பாளர்களின் முதுகில் போய் மோதுவீர்கள். இடைவெளி தெரியும்வரை பொறுத்து, தெரிந்ததும் ஆர்2.

எறிவதும் தடுப்பதும்

பந்து எறிவதில் புதியவர் செய்யும் பிழை, பந்தைப் பிடிக்க ஓடும் ஐந்து ரிசீவர்களையும் ஒரே நேரத்தில் பார்க்க முயல்வது. மைதானத்தின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதியில் ஒருவர் ஆழமாகவும் ஒருவர் அருகிலும் ஓடும் திட்டமாகத் தேர்ந்தெடுங்கள். நடுவில் நிற்கும் தடுப்பாளர் பின்வாங்கினால் அருகில் இருப்பவருக்கு, முன்னால் வந்தால் ஆழத்தில் இருப்பவருக்கு. பொத்தானைத் தட்டினால் பந்து வளைந்து மேலே போகும், அழுத்திப் பிடித்தால் நேராகப் பாயும். மூன்று நொடிக்குள் யாரும் தெரியவில்லையென்றால் ஆர்3 அழுத்திப் பந்தை வெளியே எறிந்துவிடுங்கள். ஒரு முயற்சி வீணாவது பெரிய இழப்பு இல்லை.

தடுப்பாட்டத்தில் ஆரம்பத்தில் பந்துக்காரரைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். முன்வரிசையில் ஒருவரை எடுத்துக்கொண்டு உங்கள் இடத்தை மட்டும் காத்து நில்லுங்கள். மற்ற பத்துப் பேரையும் கணினி பார்த்துக்கொள்ளும்.

வெளியூர் மைதானம் ஒரு எதிராளி

டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியின் கைல் ஃபீல்டில் 1,02,733 பேர் அமரலாம். மாணவர்கள் அமர்வதில்லை, ஆட்டம் முழுவதும் நிற்பார்கள். 1922 ஜனவரியில் காயங்களால் அணியில் ஆள் குறைந்தபோது, பார்வையாளர் பகுதியில் இருந்த கிங் கில் என்ற மாணவரைப் பயிற்சியாளர் கீழே அழைத்துச் சீருடை மாட்டி ஓரத்தில் தயாராக நிற்கவைத்தார். அன்று முதல் மாணவர் கூட்டமே 'பன்னிரண்டாவது ஆள்'. தேவைப்பட்டால் களமிறங்கத் தயார் என்பதற்காகத்தான் அவர்கள் நிற்கிறார்கள். 25ஆம் பதிப்பு, ஆடுவதற்கு மிகக் கடினமான மைதானங்களை வரிசைப்படுத்தியபோது கைல் ஃபீல்டுக்கு முதலிடம் தந்தது.

அந்தக் கடினம் வெறும் சத்தமாக நின்றுவிடுவதில்லை. மூன்றாவது டவுனில் கூட்டம் எழுந்தால் திரை நடுங்கும். ரிசீவர்கள் ஓட வேண்டிய வழியைக் காட்டும் கோடுகள் நெளிந்து கலங்கும். அனுபவமில்லாத முதலாண்டு மாணவருக்குத் தன் வேலை என்ன என்பதே மறந்துபோகும், கேம் அதை உங்களிடமிருந்தும் மறைத்துவிடும். வேறு எந்த விளையாட்டு கேமிலும் ஒரு ஊரின் குரல் என் விரல்களுக்கு இப்படி வந்து எட்டியதில்லை.

இதற்கு மருந்து: வெளியூரில் முதல் இரண்டு டவுன்களில் ஓடுங்கள். மூன்றாவது டவுனில் எட்டு, பத்து கெஜம் பாக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பந்து எடுக்கும் முன் திட்டத்தை மாற்றும் ஆசையை அடக்குங்கள், மாற்றினால் பாதிப் பேருக்குக் கேட்காது. முடிந்தவரை மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களைக் களத்தில் வையுங்கள். கூட்டம் அடங்குவதற்கு ஒரு டச்டவுன் போதும். அந்த அமைதியும் காதில் விழும்.

டைனஸ்டி: ஒரு கல்லூரியை வளர்ப்பது

டைனஸ்டிதான் இந்த கேமின் கருவறை. நீங்கள் பயிற்சியாளர். ஒரு கல்லூரியை எடுத்துக்கொண்டு முப்பது ஆண்டுகள் வரை நடத்தலாம்.

எந்தக் கல்லூரி? என் பரிந்துரை மூன்று. ஓட்டம் பிடித்திருந்தால் ஏர் ஃபோர்ஸ். அடிமட்டத்திலிருந்து ஏற வேண்டும் என்றால் கென்ட் ஸ்டேட். 2024இல் பன்னிரண்டு ஆட்டங்களில் பன்னிரண்டிலும் தோற்ற அணி, அதற்குக் கீழே போக இடமில்லை. நடுத்தரமாக வேண்டும் என்றால் ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி ஸ்டேட். 1986 முதல் நீலத் தரையில் ஆடும் கல்லூரி. 2007 புத்தாண்டு நாளில் 'ஃபியஸ்டா பவுல்' என்ற சீசன் இறுதிச் சிறப்பு ஆட்டத்தில் வலிமைமிக்க ஒக்லஹோமாவை 43-42 என்று வென்றது. கூடுதல் நேரத்தில், உதைத்துச் சமன் செய்வதை விட்டுவிட்டு இரண்டு புள்ளிக்குப் போனார்கள். குவார்ட்டர்பேக் எறிவதுபோல் கையை ஓங்கி, முதுகுக்குப் பின்னால் மறுகையால் பந்தைக் கொடுத்துவிட, வாங்கியவர் எல்லைக்குள் தடையின்றி ஓடிப் போனார். சின்னக் கல்லூரிகள் எப்படி வெல்கின்றன என்று கேட்பவர்களுக்கு நான் அந்த ஆட்டத்தைத்தான் காட்டுவேன்.

பயிற்சியாளரை உருவாக்கும்போது வீரர்களைக் கவர்பவர், ஊக்கப்படுத்துபவர், தந்திரக்காரர் என்று வகைகள் வரும். சின்னக் கல்லூரிக்கு முதல் வகையே நல்லது. கையில் ஆள் இல்லாமல் தந்திரம் என்ன செய்யும்?

அடுத்தது வீரர் சேர்ப்பு. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். உயர்நிலைப் பள்ளிப் பையன்களில் 35 பேரை உங்கள் பட்டியலில் வைக்கலாம். ஒவ்வொரு வாரமும் குறிப்பிட்ட மணி நேரங்கள் தரப்படும். அதை அவர்களுக்கிடையே பங்கிட வேண்டும்: பேசுவதற்கு, குடும்பத்தைத் தொடர்புகொள்வதற்கு, கல்லூரிக்கு வரவழைப்பதற்கு. சின்னக் கல்லூரிக்கு மணி நேரம் குறைவு, பெரிய கல்லூரிக்கு அதிகம். இங்கும் அதே சரிவுதான்.

ஆசைப்பட்டு உச்சத் தரமான ஐந்து நட்சத்திரப் பையன் பின்னால் போகாதீர்கள். பத்து வாரம் செலவழித்த பின் அவன் அலபாமாவுக்குப் போய்விடுவான். முதலில், உங்கள் கல்லூரி எந்தெந்த விஷயத்தில் நல்ல தரம் பெற்றிருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்கு அருகாமை, உடனே களமிறங்கும் வாய்ப்பு, படிப்பின் தரம், மைதானச் சூழல் என்று அது ஒரு நீண்ட பட்டியல். ஒவ்வொரு பையனுக்கும் அவற்றில் சில முக்கியம். ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்கவே முடியாத நிபந்தனை. உங்களிடம் இருப்பதும் அவன் கேட்பதும் பொருந்துகிற இடத்தில் மட்டும் நேரத்தைப் போடுங்கள். சின்னக் கல்லூரிக்குக் கைகொடுப்பவை பெரும்பாலும் இரண்டு: அருகாமையும் ஆடும் வாய்ப்பும். கென்ட் ஸ்டேட் என்றால் ஒஹையோவைச் சலித்தெடுங்கள். ஃபுட்பாலில் ஊறிய மாநிலம் அது. பெரிய கல்லூரி விட்டுவைக்கும் பையன்களே ஒரு நல்ல அணிக்குப் போதும்.

இரண்டு, மூன்று நட்சத்திரப் பையன்களை முழுதாக ஆராயுங்கள். சிலர் பக்கத்தில் பச்சை நிற ரத்தினக் குறி வரும். நட்சத்திரம் சொல்வதைவிட அவர் நல்லவர் என்று பொருள். சிவப்புக் குறி வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். இந்தப் பச்சைக் குறிக்காரர்கள்தான் உங்கள் கல்லூரியைத் தூக்கி நிறுத்தப் போகிறவர்கள். கல்லூரிக்கு வரவழைப்பதை நீங்கள் வெல்லக்கூடிய உள்ளூர் ஆட்டத்தன்று வையுங்கள். பையன் பார்க்க வந்த நாளில் நாற்பது புள்ளியில் தோற்றால் அவன் திரும்பிப் பார்க்க மாட்டான்.

வந்த முதலாண்டுப் பையன்களை உடனே களமிறக்க வேண்டாம். ரெட்ஷர்ட் என்ற ஏற்பாட்டில் ஓர் ஆண்டு உட்காரவைத்தால் அந்த ஆண்டு கணக்கில் வராது. வளர்ந்த பிறகு முழுதாக நான்கு ஆண்டுகள் ஆடலாம். ஓட்டத்தை நம்பும் அணியென்றால் இரண்டு, மூன்று ரன்னிங் பேக்குகளை மாற்றி மாற்றி இறக்குங்கள். அடி வாங்க வாங்க உடல் தேய்வதை இந்த கேம் கணக்கு வைக்கிறது. ஒருவரையே அடித்துத் துவைத்தால் சீசனின் கடைசி மாதமான நவம்பரில் அவர் களத்தில் இருக்க மாட்டார்.

சீசன் முடிந்ததும் ஒரு வலி காத்திருக்கிறது. நீங்கள் கண்டெடுத்து வளர்த்த பையன் வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளக் கிளம்பிவிடுவான். நிஜத்திலும் இதுதான் இன்று சின்னக் கல்லூரிகளின் பெரிய துயரம். அவனுடைய விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை எது என்பதை சீசன் நடுவிலேயே பார்த்துவைத்திருந்தால் பாதிப் பேரைத் தடுத்துவிடலாம். அதே வழியில் பெரிய கல்லூரிகளில் உட்கார்ந்தே இருந்து சலித்தவர்கள் உங்களிடம் வருவார்கள், அவர்களை விடாதீர்கள்.

கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகச் சேர்ந்து ஆடுகின்றன. நிஜத்தில் 2024இல் அவற்றில் பல பழைய பந்தங்கள் அறுந்தன. டெக்சஸும் ஒக்லஹோமாவும் எஸ்இசி என்ற கான்ஃபரன்ஸுக்குப் போயின. யுஎஸ்சி, யுசிஎல்ஏ, ஒரெகன், வாஷிங்டன் ஆகியவை பிக் டென்னுக்குப் போயின. பேக்-12இல் அந்த ஆண்டு இரண்டே கல்லூரிகள் எஞ்சின. டைனஸ்டி தொடங்கும்போது கான்ஃபரன்ஸ்களை உங்கள் விருப்பப்படி மாற்றி அமைக்கலாம். நான் பழைய பேக்-12ஐத் திரும்பக் கட்டிவிட்டுத்தான் தொடங்குவேன்.

இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. 'ரோட் டு குளோரி'யில் ஒரே வீரராக ஆடலாம், ஒரு வார இறுதிக்கு நன்றாக இருக்கும். 'அல்டிமேட் டீம்' அட்டைகளைச் சேர்க்கும் ஆட்டம், பணத்தை விழுங்கும். புதியவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. நண்பர்கள் இருந்தால் இணையவழி டைனஸ்டியில் 32 பேர் வரை ஒரே உலகில் ஆளுக்கொரு கல்லூரியை நடத்தலாம். நாலைந்து பேர் இருந்தாலே போதும். எல்லோரும் ஒரே கான்ஃபரன்ஸில் சின்னக் கல்லூரிகளாக எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் பெரிய கல்லூரிக்கு வேலை மாறிப் போகக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

நான்காவது சீசனுக்கு வரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு முன் இறுதியாண்டு மாணவர்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் முதன்முதலில் தேடிப்பிடித்த பையன்கள் அதில் இருப்பார்கள். அவர்களில் யாராவது மாற்று ஆட்டக்காரராகவே நான்கு ஆண்டையும் கழித்திருந்தால், அன்றைக்கு அவரைத் தொடக்க வரிசையில் வையுங்கள். முதல் பந்தை அவருக்குக் கொடுங்கள்.